கண்ணில்லாக் கண்ணி

மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கேபிள் ஒன்று போதும். மேலுறையை உரித்து, உள்ளேயிருக்கும் முறுக்குக் கம்பியை உருவியெடுத்து, ஒரு முனையில் சுருக்குப் போட்டு, மறுமுனையை வேலியோரத்து மரத்தடியில் இறுகக் கட்டிவிட்டால் கண்ணி தயார். துவக்குக்கு வேண்டிய அனுமதிப் பத்திரம் இதற்கு வேண்டாம். வெடிச்சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. வைத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து பார்த்துக்கொள்ளலாம். மழை பிடித்துக்கொண்டால், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வராமலே இருந்துவிடலாம். கம்பி மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

ஹந்தானை மலையோரத்திலும், மடுல்கலை, ரங்களைப் பக்கத்துத் தோட்டங்களின் காட்டெல்லையிலும், ஹுன்னஸ்கிரியவைத் தாண்டிப் பதினெட்டு வளைவுகளில் இறங்கி ஹசலக்கவுக்குப் போகும் வீதியின் இருபுறத்திலும் இப்படிக் கம்பி வைக்கிறார்கள் என்பது கண்டிச் சீமையில் வாழும் யாருக்கும் புதிய செய்தி அல்ல. எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் பேசாத விஷயங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. பேசாமல் இருப்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் எல்லாமே பொய்யும் அல்ல. அதனால்தான் இதை யாரோ ஒருவரின் குற்றமாக எழுதாமல், நம் எல்லோருடைய பொறுப்பாக எழுத வேண்டியிருக்கிறது.

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. எந்த மானைச் சுடலாம்? கிழட்டுக் கிடாயையா, கொழுத்த இளங்கிடாயையா, பெட்டையையா? குட்டியோடு நிற்கும் பெட்டையை என்ன செய்வது? தமிழனுக்கும் இந்தக் கேள்வி ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. தூரத்தில் புதர் அசைந்ததும் அது கலையா பிணையா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அந்தப் பெயர்களை வைத்திருக்க முடியும்.

ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களில் ஓநாய்கள் அற்றுப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன வேறு மிருகம் இல்லாததால் அங்கே செம்மான்கள் பெருகி, இளம் மரக்கன்றுகளைக் கடித்துத் தின்று காட்டை மீண்டும் முளைக்கவிடாமல் செய்கின்றன. எனவே மனிதன் சுட்டுக் குறைக்கிறான். ஆனால் நினைத்த நேரத்தில் சுட முடியாது. பிணைகள் ஈன்று பாலூட்டும் மாதங்களில் அவற்றைச் சுடுவதற்குச் சட்டம் நீண்ட காலமாகத் தடை போட்டிருக்கிறது. தடை நீங்கிய குளிர்காலத்தில் ஒருவர் பிணையைச் சுட்டால், பக்கத்தில் நிற்கும் அதன் மறியையும் சுட்டாக வேண்டும் என்பது அங்குள்ள மான் வேட்டைக்காரர்களின் நெறி. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. தாயில்லாத மறி பனியில் பட்டினி கிடந்து சாகும் என்று அறிந்தவர்கள், அந்தச் சாவுக்கும் தாங்களே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு வகுத்த நெறி அது.

தேர்வு தவறினாலும் விளைவு உண்டு. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் ராம் மலை என்ற இடத்தில் பெருங்கொம்பு ஆடுகளை 30 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேட்டைக்காரர்கள் கொம்பு பெரிதாக உள்ள கிடாய்களையே தேடித் தேடிச் சுட்டதால், தலைமுறைக்குத் தலைமுறை கொம்பும் உடலும் சிறுத்துக்கொண்டே வந்தன. பெருங்கொம்பைக் கொடுக்கக்கூடிய வித்து, இனம் பெருக்குவதற்கு முன்பே சுவரில் அலங்காரமாகத் தொங்கிவிட்டது.

இந்தக் கேள்வியே இலங்கையில் எழாது என்று சிலர் சொல்வார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் நம் காட்டில் வாழும் மானினம் எதையும் கொல்லவோ அதன் இறைச்சியை விற்கவோ இடம் தரவில்லை. கண்டியைச் சுற்றி நான்கு வகை உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் புல்வெளிகளிலும் காடுகளிலும் உலவும் மரை. ரந்தெனிகல, மினிப்பே பக்கத்து வறண்ட தாழ்நிலத்தில் கூட்டமாய் மேயும் புள்ளிமான். நாய் குரைப்பதுபோலக் குரல் கொடுத்துக் காட்டையே எச்சரிக்கும் கேளையாடு. நான்காவது, முயலளவே உள்ள உக்குளான், சிங்களத்தில் மீமின்னா. உயிரியலாளர் கணக்கில் உக்குளான் மானே அல்ல, தனிக் குடும்பம். கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்வாயில் சிறு கோரைப்பல் மட்டும் நீண்டிருக்கும். 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் கைதியாய் இருந்த ரொபர்ட் நொக்ஸ்கூட அந்தச் சின்ன உயிரைக் கவனித்து, 1681இல் வெளிவந்த தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். கண்டி போன்ற ஈரவலயக் காடுகளில் வாழும் உக்குளான், வறண்ட பகுதியில் வாழ்வதிலிருந்து வேறான இனம் என்று 2005இல் பிரித்தறிந்தார்கள். உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

ஆக, சட்டத்தின்படி எந்த மானையும் எடுக்க முடியாது. காட்டிலோ ஒவ்வொரு இரவும் ஏதோ ஒன்று எடுக்கப்படுகிறது. எதை எடுப்பது என்ற தேர்வை அந்தப் பிரேக் கேபிளிடம் விட்டிருக்கிறோம்.

கேபிளுக்கு என்ன தெரியும்? விலங்குகள் வழக்கமாக நடக்கும் தடத்தில்தான் கண்ணியை வைப்பார்கள். கேளையாடும் உக்குளானும் ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவை. அந்தியிலும் விடியலிலும் தண்ணீருக்குப் போய்த் திரும்புபவை. அந்த நேரத்தில் அவசரமாக நடப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். குட்டி போட்ட தாய் மான், தன் குட்டியைப் புதரடியில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். வயிறு நிறைந்ததும் பால் கொடுக்கத் திரும்பி வரும். அதுவரை குட்டி அசையாமல் கிடக்கும். தாய் வரும்வரை அசையக்கூடாது என்பது அதன் பிறவிக் குணம்; சிறுத்தையின் கண்ணிலிருந்து அதைக் காப்பதும் அந்தக் குணம்தான். தாய் கம்பியில் மாட்டிக்கொண்டால், குட்டி அசையாமல் கிடந்தே சாகும். கண்ணி வைத்தவர் ஒரு மிருகம் கிடைத்தது என்று எண்ணுவார்.

குட்டி போடும் மாதம் இது, இந்த மாதத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் நம் காட்டில் வழியில்லை. குளிர்நாட்டு மான்களைப் போல எல்லாமே ஒரே பருவத்தில் ஈனுவதில்லை. முற்றிய கொம்போடு ஒரு கலையும், தோல் மூடிய இளங்கொம்போடு இன்னொன்றும் ஒரே நாளில் ஒரே புல்வெளியில் நிற்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு பிணை சினையாக இருக்கும். அப்படிப்பட்ட காட்டில் பார்த்துத் தேர்ந்து கொல்வதே கடினம். பாராமல் கொல்வதை என்னவென்று சொல்வது?

கம்பிக்கு மானும் சிறுத்தையும் ஒன்றுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியருகே கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கியது. மலைநாட்டில் கருஞ்சிறுத்தை இருப்பதே அபூர்வம். பலர் அதை அப்போதுதான் படத்தில் முதல் தடவை பார்த்தார்கள். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் செத்தது. கழுத்தில் கம்பி அறுத்த காயம். அந்தக் கண்ணியை வைத்தவர் சிறுத்தையை நினைத்து வைத்திருக்கமாட்டார். தோட்டத்தைக் கிண்டும் பன்றியைத்தான் நினைத்திருப்பார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது கம்பிக்குத் தெரியாது.

கட்டுத்துவக்கும் இப்படித்தான். முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டி, விசைக்கு நூல் இழுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் கால் போன மனிதர்களை இந்த நாட்டின் அரச வைத்தியசாலைகள் ஆண்டாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. விறகு பொறுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர்.

கண்டி நகரின் நடுவே ஒருவர் நடந்து பார்க்கலாம். தலதா மாளிகை, அதற்குப் பக்கத்திலேயே தூய பவுல் தேவாலயம், சற்றுத் தள்ளிக் கதிர்காம தேவாலயம், கடைத்தெருப் பக்கம் பள்ளிவாசல். எல்லாமே கால்நடைத் தூரத்தில். இந்த நான்கு வழிகளும் வேட்டையைப் பற்றி என்ன சொல்லியிருக்கின்றன என்று தேடிப்பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

பொசன் போயா எதற்காக என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: தேவநம்பிய தீசன் மிகிந்தலை மலையில் மான் வேட்டைக்குப் போன நாள், மகிந்த தேரரைச் சந்தித்த நாள். ஆனால் மகாவம்சம் அந்த இடத்தில் சொல்லும் ஒரு சின்னச் செய்தியை நாம் கவனிப்பதில்லை. மான் புதரில் மேய்ந்துகொண்டிருக்கிறது. அரசன் அதைக் கண்டுவிட்டான். அம்பு விட வேண்டியதுதான். தன்னை அறியாமல் நிற்கும் உயிரை அடிப்பது முறையல்ல என்று எண்ணி, வில்லின் நாணைச் சுண்டி ஒலி எழுப்புகிறான். மான் தலைதூக்கி ஓடுகிறது. அதன் பின்னே அவன் ஓடுகிறான். அந்த ஓட்டத்தின் முடிவில்தான் தேரர் நிற்கிறார். இந்நாட்டின் பௌத்த வரலாறே ஒரு வேட்டைக்காரன் மானுக்குக் கொடுத்த எச்சரிக்கையிலிருந்து தொடங்குகிறது. அந்த மானுக்குத் தப்பிக்க ஒரு கணம் கிடைத்தது. கம்பி அந்தக் கணத்தைக் கொடுப்பதில்லை.

கதிர்காமத்து வள்ளி யார் வயிற்றில் பிறந்தாள்? ஒரு பெண்மானின் வயிற்றில். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த அந்தப் பெண் குழந்தையை எடுத்து வளர்த்தது வேடர் தலைவன். மானைக் கொன்று தின்று வாழ்ந்த குலம், மான் ஈன்ற பிள்ளையைத் தன் மகளாக்கிக்கொண்டது. கண்டி எசல பெரஹராவில் கதிர்காம தேவாலயத்தின் ஊர்வலமும் சேர்ந்துதான் போகிறது. அதைப் பார்க்கத் தோட்டங்களிலிருந்து வரும் நம் சனம் அந்தத் தெய்வத்தைத் தம் தெய்வமாகவே கும்பிடுகிறது. சினைமானைக் கண்ணிக்கு விட்டுவிட்டு வள்ளி கல்யாணத்துக்குப் பூக்கட்ட முடியுமா?

முஸ்லிம் சகோதரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கழுத்து நெரிந்து செத்ததை உண்ணக்கூடாது என்று திருக்குர்ஆன் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. கண்ணியில் தொங்கிச் செத்த மானின் இறைச்சி அதுவேதான். கிறிஸ்தவ வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்தால், எருசலேமில் கூடிய மூத்தோர் புதிதாய்ச் சேர்ந்த விசுவாசிகள்மேல் அதிகப் பாரம் சுமத்த வேண்டாம் என்று தீர்மானித்து, விட்டுவிலக வேண்டியவையாகச் சிலவற்றை மட்டும் எழுதியனுப்புகிறார்கள். நெருக்குண்டு செத்தது அந்தச் சிலவற்றுள் ஒன்று. நாம் நான்கு மதத்தாரும் சேர்ந்து ஒரே மேசையில் ஒப்புக்கொள்ளக்கூடிய காரியங்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை. கழுத்தை நெரிக்கும் கம்பி வேண்டாம் என்பதில் நம்மைப் பிரிக்க எதுவுமே இல்லை.

ஆனால் மதத்தையும் மானையும் மட்டும் பேசிவிட்டு எழுந்துபோனால் அது நேர்மையாகாது. கம்பி வைக்கிறவரின் பக்கமும் இருந்து பார்க்க வேண்டும்.

நம் சட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு கோணல் இருக்கிறது. 1850களில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை விட்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையோடு புத்தகமாகவே எழுதினார். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு அழிந்து, விலங்கு அருகிய பிறகு, 1894இல் அதே துரைமார் வர்க்கத்தினர் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். இன்று மதிப்புக்குரிய பணி செய்யும் வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழி வந்ததே. அவர்களுடைய அக்கறை பொய் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இன்றிருப்பதும் இருந்திருக்காது. ஆனால் துரை சுட்டால் விளையாட்டு, கிராமத்தான் பிடித்தால் திருட்டு என்ற எண்ணம் அப்போது விழுந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் வாழும் வேடர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அவர்களுடைய வேட்டைக்காடு ஒரே வர்த்தமானியில் அவர்களுக்கே அந்நியமானது. வெளியேற மறுத்து 1998இல் இறக்கும்வரை தம்பானையிலேயே இருந்தார் அவர்களுடைய தலைவர் ஊருவரிகே திசாஹாமி. தடத்தைப் பார்த்து இது எந்த மிருகம், எப்போது போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள் காட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இனித் தோட்டப்புறத்துக்கு வருவோம். லயத்துக்குப் பின்னால் ஒரு சிறு துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டு, பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. ஒரே இரவில் காட்டுப்பன்றி வந்து பாத்தியைப் புரட்டிவிட்டுப் போகிறது. யாரிடம் போவார்? நிலம் அவருடையதல்ல, கம்பனியுடையது. பயிர் இழப்புக்கு விண்ணப்பிக்கவே காணி உறுதி கேட்பார்கள். கிராமப்புறத்துச் சிங்கள விவசாயியின் நிலையும் இதைவிடப் பெரிதாக மேலில்லை. பலா, மிளகு, கித்துள், கராம்பு என்று அடுக்கடுக்காக வளர்ந்த கண்டி வீட்டுத்தோட்டம் உலகமே பாராட்டும் விவசாய முறை. அந்தத் தோட்டத்தில் குரும்பையைக் குரங்கு பறிக்கிறது, மரவள்ளியைப் பன்றி தோண்டுகிறது, தென்னங்கன்றின் அடியை முள்ளம்பன்றி கடிக்கிறது.

இந்த வேதனைக்கு அரசிடமிருந்து வந்த பதில்கள் நமக்கு நினைவிருக்கின்றன. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. வழக்கு நீதிமன்றம் போனதும் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடத்துக்குள், நாடு முழுவதும் வீட்டுத்தோட்டத்திலும் வயலிலும் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில்களை எண்ணச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையின் முறை பற்றி அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அன்று காலை இலட்சக்கணக்கானவர்கள் தாளும் பேனையுமாய் வாசலில் நின்றார்களே, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. தங்கள் இழப்பை யாராவது கணக்கெடுக்க வேண்டும் என்று எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதை அந்த ஐந்து நிமிடம் காட்டியது.

காட்டுப்பன்றியைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பிரதேசம் முடிவுசெய்தால், அதைக் கேட்டதுமே பாவம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. மானுக்குள்ள பாதுகாப்பு பன்றிக்குச் சட்டத்தில் இல்லை. அது வேகமாகப் பெருகும் மிருகமும்கூட. ஆனால் அந்த முடிவு வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும். பிரதேச செயலகத்தில் விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் வனஜீவராசிகள் அதிகாரியும் ஒன்றாக அமர்ந்து, எங்கே, எந்த மாதத்தில், எத்தனை என்று பேசி, பயிற்சி பெற்ற, அனுமதி பெற்ற, பெயர் தெரிந்த ஆள் சுட வேண்டும். குட்டிகளோடு நிற்கும் தாய்ப்பன்றி என்றால் என்ன செய்வது என்பதையும் அந்த மேசையில்தான் பேச வேண்டும். சுட்டவர் தான் சுட்டதைப் பார்த்திருப்பார். தவறினால் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பார்.

கம்பிக்கு ஆள் இல்லை. கேட்டால் எல்லோரும் பன்றிக்கு வைத்தது என்பார்கள். மரை மாட்டினால் மரையிறைச்சி. கேளையாடு மாட்டினால் அதுவும் இறைச்சி. அப்போது அது பன்றியால் வந்த பிரச்சினை அல்ல, வாங்குவதற்கு ஆள் இருப்பதால் வந்த பிரச்சினை.

இங்கே நகரத்தாராகிய நம் பங்கு வருகிறது. என் இருபது வயதில், தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு கல்யாண வீட்டில், முதல்நாள் இரவு, இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பையில் கறுத்த இறைச்சி வைத்தார்கள். எல்லோருக்கும் வைக்கவில்லை, கண்டியிலிருந்து போன சில பேருக்கு மட்டும். மாமா ஒருவர் குனிந்து காதில் சொன்னார், மரை. அந்த வீட்டார் எங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். நான் சாப்பிட்டேன். அது கலையா பிணையா, சுட்டதா தொங்கியதா என்று அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை என்றுதான் வளர்க்கப்பட்டிருந்தோம்.

காட்டிறைச்சி இன்று பசிக்காக வாங்கப்படுவது குறைவு. விருந்தாளிக்கு மரியாதை, விடுமுறைக்கு மலையேறி வந்த கூட்டத்துக்கு ஒரு விசேஷம், குடிக்கத் தொட்டுக்கொள்ள ஏதாவது. கம்பி வைத்தவர் கையில் சில ஆயிரம் ரூபாய். அவர் பிடிபட்டால் தண்டமும் மறியலும் அவருக்கே. வாங்கித் தின்ற நாம் நல்ல மனிதர்களாய் வீடு திரும்புகிறோம். இந்தப் பங்கீடு நியாயமானதல்ல. வேட்டை நாடுகளில் எந்த மானைச் சுடுவது என்ற பாரம் துவக்கைத் தூக்கியவர் தோளில் இருக்கிறது. இங்கே அந்தப் பாரம் சாப்பிட உட்கார்ந்தவர் மேலும் விழுகிறது. வேண்டாம் என்று கோப்பையைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்கும்போது வீட்டுக்காரரை அவமதிக்காமல், காரணத்தையும் சொல்லித் தள்ளிவைக்கலாம். மாமாக்கள் முதலில் செய்தால் இருபது வயதுப் பையன்களுக்கு எளிதாக இருக்கும்.

கொல்வதால் மட்டும் மான் அழிவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்குப் போகும் கோட்டை வழியிலும் நகரிலும் புள்ளிமான்கள் பயமின்றித் திரிகின்றன. அவற்றை அங்கே யாரும் கண்ணி வைத்துப் பிடிப்பதில்லை. ஊர் அவற்றை நேசிக்கிறது. ஆனால் வீசியெறிந்த பொலித்தீனைத் தின்று வயிறடைத்துச் சாகும் மான்கள் அங்கே உண்டு. உடவத்தகெலேயிலும் பிக்னிக் மிச்சத்தை வீசிவிட்டு வருகிறோம். கண்டி அரசர்கள் காலத்தில் தஹனம் கெலே, அதாவது போகத் தடைசெய்யப்பட்ட காடு என்று பெயர் பெற்றிருந்த இடம் அது, 1938இல் சரணாலயமானது, நகரத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூறு ஹெக்டேயர் சொச்சம். அதற்குள்ளும் உக்குளான் இருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லைக் காட்டில் சிறுத்தையோ மரையோ கம்பியில் செத்துக் கிடந்தால், முதலில் லயத்து இளைஞனைப் பிடித்துப் பொலிசில் கொடுப்பதோடு காரியம் முடிந்ததாக எண்ணாதீர்கள். தொழிலாளியின் மரக்கறித் துண்டைச் சுற்றிப் பன்றி நுழையாத வேலி போட்டுக் கொடுக்கத் தகரமும் கட்டையும் கொடுங்கள். தேயிலை மலையைச் சுற்றிவரும் வாச்சர்மாரின் வேலையில் கம்பி தேடுவதையும் சேருங்கள். தேடியெடுத்தவருக்கு அன்றைய நாள் கூலிக்குப் பெயர் போடுங்கள். தொழிற்சங்கங்களும் இதைத் தங்கள் பேச்சுவார்த்தையில் வைக்கலாம். சம்பளம் கேட்கும் உரிமையோடு வேலி கேட்கும் உரிமையும் உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு ஆளும் வாகனமும் போதாது என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தகவல் கொடுத்தால் தன்னையே விசாரிப்பார்கள் என்ற பயம் தீர்ந்தால், அந்த ஆள்பற்றாக்குறையில் பாதியை ஊர் தானே நிரப்பும்.

அடுத்த பொசன் வாரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்சல் என்ற அன்னதானப் பந்தல் போடுவதற்கு முந்தின ஞாயிறு, ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு தோட்டமும் தன் எல்லைவழியே ஒருமுறை நடக்கட்டும். விகாரையிலிருந்து சிலர், கோவிலிலிருந்து சிலர், பள்ளிவாசலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் சிலர். முன்னால் வனஜீவராசிகள் அதிகாரியும், தடம் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரரும். அந்த உள்ளூர்க்காரர் முன்பு கம்பி வைத்தவராகவே இருக்கட்டும். அவரைப் போல் வேறு யாருக்கும் இடம் தெரியாது, அன்று யாரும் அவரிடம் பழசைக் கேட்கவும் வேண்டாம். மழை விட்ட மறுநாள் காலை நல்லது, ஈரமண்ணில் தடம் தெளிவாகத் தெரியும். நீளக் காற்சட்டை, அட்டைக்கு உப்பு, கம்பி அறுக்கும் குறடு ஆளுக்கொன்று. புதரோரத்தில் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், பளபளப்பு மங்கிய ஒரு வளையம் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கட்டுத்துவக்கின் நூல் தென்பட்டால் தொடாமல் நின்று, அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அறுத்த கம்பிகளை எறிந்துவிடாமல் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து, எத்தனை என்று எண்ணி, பிரதேச சபை வாசலில் எல்லோரும் பார்க்கக் குவிக்க வேண்டும்.